பிறவுசர் மாத்தேக்க ஆக்கள் விடுற பிழையள்

போன மாசம் கோண்டாவில் மாமியின்ர லப்டொப்பில இன்ரநெற் பாக்கிற பிறவுசரை குறோமில இருந்து பயர்பொக்ஸுக்கு மாத்திக் குடுத்தன், அரை மணித்தியால வேலை எண்டு நினைச்சுத்தான் தொடங்கினது, எல்லாம் சரிவர நாலு நாள் போட்டுது. அந்த நாலு நாளில விளங்கினதை வடிவா எழுதி வைச்சா இன்னும் நாலு வீட்டில இந்தக் கரைச்சல் வராது எண்டுதான் இதை எழுதுறன்.

மாத்தினதுக்குக் காரணம் இருந்தது. மாமி காலமை தேத்தண்ணியோட இருந்து மரண அறிவித்தல் பாக்கிறவ, ஊர்ச்சனம் கனடா லண்டன் சுவிஸ் எண்டு சிதறிக் கிடக்கேக்க ஆர் மோசம்போனது எண்டு அதில பாத்தாத்தான் தெரியும். அந்தப் பக்கங்களைத் திறந்தா விளம்பரம் வந்து முழுக்க மறைக்கும், மூடுற புள்ளடியை அமத்தினா வேறெங்கயோ கொண்டுபோய் விடும். அதுக்காக முந்தி யூபுளொக் ஒரிஜின் எண்ட விளம்பரம் மறிக்கிற எக்ஸ்ரென்சனை (பிறவுசரோட சேர்க்கிற சின்ன புறோகிராம்) போட்டுக் குடுத்திருந்தன். மனிபெஸ்ட் வி2 எண்ட பழைய முறையில செய்த எக்ஸ்ரென்சனுகளை குறோம் கைவிட, 2025 இல அது வேலை செய்யாமப் போச்சு, லைற் எண்டு ஒரு சின்ன வடிவம் இருக்கு, ஆனா முழு வடிவம் பயர்பொக்ஸில இன்னும் ஓடுது. அதால மாத்தினன், அந்த முடிவு இப்பவும் சரி எண்டுதான் நினைக்கிறன்.

பிழை எங்க நடந்தது எண்டா, பயர்பொக்ஸைப் போட்டு, பழசில இருக்கிறதைக் கொண்டுவர இம்போர்ட் குடுத்தன், புக்மார்க் எல்லாம் வந்திட்டுது, ஹிஸ்ரியும் வந்திட்டுது, பாஸ்வேட்டுக்கு வேற ஒரு பைல் எடுத்துத் தரச்சொல்லிக் கேட்டுது, அதைப் பேந்து பாப்பம் எண்டு விட்டுட்டு, பழசு கிடந்தா மாமி குழம்புவா எண்டு குறோமை அன்இன்ஸ்ரோல் பண்ணினன், அதில "பிறவுசிங் டேற்றாவையும் அழிக்கவோ" எண்டு கேக்கிற பெட்டியிலயும் சரி போட்டன். பின்னேரம் போன் வருது. "மோனை, பாங்குக்குள்ள போகேலாமக் கிடக்கு, பாஸ்வேட் கேக்குது, அது தானா வாறதெல்லோ?"

மாமி 95 ஒக்டோபர் யாழ்ப்பாண இடம்பெயர்வுக்குப் பிறகு இண்டைக்கு வரைக்கும் அலுமாரியில ஒரு பாக் ஆயத்தமா வைச்சிருக்கிறவ. காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், கலியாண எழுத்துப் பத்திரம், பாங்குப் புத்தகம் எல்லாம் அதுக்குள்ள. எப்ப வெளிக்கிடச் சொன்னாலும் அந்தப் பாக்கைத் தூக்கினாக் காணும். அப்பிடி அவதானமா இருக்கிற மனிசிக்கு பாஸ்வேட் எண்டது அந்தப் பாக்குக்குள்ள போகவேண்டிய சாமான் எண்டு நாங்கள் ஆரும் சொல்லேல்லை. பத்து வருசமா குறோம் மட்டும் ஞாபகம் வைச்சிருந்த சாமானை நான் ஒரு கிளிக்கில அழிச்சுப்போட்டன்.

அதால முதலாவதாச் சொல்லவேண்டியது, இம்போர்ட் குடுத்தா எல்லாம் வந்திடும் எண்டு நம்பாதேங்கோ. புக்மார்க் வரும், ஹிஸ்ரி அனேகமா வரும். லொகின் வராது. நீங்கள் ஒரு வெப்சைற்றுக்குள்ள ஏற்கனவே லொகினாகி நிக்கிறீங்கள் எண்டதைப் பிடிச்சு வைச்சிருக்கிறது குக்கி, அது அந்தப் பிறவுசரோட நிண்டுடும். விண்டோஸில குறோம் 2024 நடுப்பகுதியில இருந்து குக்கியை வேற புறோகிராம் வாசிக்கேலாதபடி கூடுதலாப் பூட்டி வைக்குது, களவா உருவுற மல்வெயாரை மறிக்கத்தான் அது, நல்ல விசயம், ஆனா அதின்ர கருத்து என்னெண்டா புதுப் பிறவுசரில ஒவ்வொரு இடத்துக்கும் நீங்கள் திரும்ப பாஸ்வேட் அடிச்சு, போனுக்கு வாற ஒருக்காப் பாவிக்கிற கோட்டை (ஓடிபி) வாங்கி, உள்ள போகத்தான் வேணும். பாஸ்கீ எண்டு கைரேகையால திறக்கிறது வைச்சிருந்தா அதுவும் பாஸ்வேட் பைலோட சேர்ந்து வராது. எக்ஸ்ரென்சனுகளின்ர செற்றிங்ஸும் வராது, திறந்து வைச்சிருக்கிற ராப் எல்லாம் வரும் எண்டும் நினைக்காதேங்கோ, முக்கியமானதை முதலே புக்மார்க் பண்ணுங்கோ.

ஓடிபி எண்டேக்கதான் உண்மையான ஆபத்து இருக்கு. மாமியின்ர ஈமெயிலுக்கு பாஸ்வேட் மறந்துபோச்சு எண்டு குடுத்தா, கோட் போறது மூண்டு வருசத்துக்கு முந்திப் பாவிச்ச சிம்முக்கு. அந்த சிம் இப்ப இல்லை. எங்கட ஆக்களில கனபேருக்கு இதுதான் நிலைமை, அக்கவுண்ட் திறந்து குடுத்தது வெளிநாட்டில இருந்து லீவில வந்த மகன், ரிக்கவரி நம்பர் அவன்ர ரொறன்ரோ நம்பர், அவன் அங்க நித்திரை கொள்ளேக்க இஞ்ச பத்து நிமிசத்தில காலாவதியாகிற கோட் போகுது. பழைய பிறவுசரில லொகினாகி இருக்கு மட்டும் இதொண்டும் வெளியில தெரியாது. மாத்தேக்கதான் தெரியவரும், தெரியவரேக்க பிந்திப்போச்சு.

ஆனபடியா புதுசை டவுன்லோட் பண்ண முதல், பழசுக்குள்ள இருந்துகொண்டே ஈமெயில் அக்கவுண்டின்ர செக்கியூரிற்றிப் பக்கத்துக்குப் போய் நம்பர் சரியோ, ரிக்கவரி ஈமெயில் சரியோ எண்டு பாருங்கோ. கூகிள் அக்கவுண்டில ரூ ஸ்டெப் (பாஸ்வேட்டோட இன்னொரு கோட்டும் கேக்கிற பூட்டு) போட்டிருந்தா பக்கப் கோட் எண்டு 10 கோட் தரும், ஒவ்வொண்டும் 8 இலக்கம், ஒருக்கா பாவிச்சா அந்தக் கோட் முடிஞ்சுது. அதைக் கடுதாசியில எழுதுங்கோ. மற்ற எல்லாத்துக்கும் முதல் ஈமெயிலைச் சரிப்பண்ணுங்கோ எண்டு சொல்லுறது ஏனெண்டா பாங்கோ பேஸ்புக்கோ மறந்துபோச்சு எண்டு குடுத்தா லிங் வாறது கூடுதலா அந்த ஈமெயிலுக்குத்தான், அது திறந்தா மிச்சத்தையும் திறக்கலாம், அது பூட்டுப்பட்டா எல்லாம் பூட்டு. மாமி தப்பினதும் இதாலதான், அவவின்ர போனில ஜீமெயில் லொகினாகியே இருந்தது, அதுக்குள்ளால போய் நம்பரை மாத்தினம். பாங்குக்கு மட்டும் ஐசியோட (அடையாள அட்டை) பிராஞ்சுக்கு நேர போய் போம் நிரப்பவேண்டி வந்தது.

அடுத்தது அந்த பாஸ்வேட் பைல். இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும், ஏனெண்டா நான் விட்டதை நீங்கள் விடாமச் செய்யப்போனாலும் இதில இன்னொரு பிழை வரும். குறோமிலயோ எட்ஜிலயோ பாஸ்வேட் எக்ஸ்போர்ட் எண்டு குடுத்தா சீஎஸ்வி எண்டு ஒரு பைல் வரும். அதுக்குப் பூட்டு இல்லை. நோட்பாட்டில திறந்தாலும் வெப்சைற், யூசர்நேம், பாஸ்வேட் எல்லாம் வரிசையா ஆரும் வாசிக்கக்கூடியதா நிக்கும். அதை டெஸ்க்ரொப்பில வைக்காதேங்கோ, கன லப்டொப்பில வன்டிறைவ் டெஸ்க்ரொப்பையும் டொக்கியுமென்ற்ஸையும் தானா இன்ரநெற்றுக்கு ஏத்துற மாதிரி செற் பண்ணிக் கிடக்கு. வட்ஸ்அப்பில உங்களுக்கே அனுப்பி வைக்கிறதும் வேண்டாம், அது வட்ஸ்அப்புக்குள்ளயே கிடந்து, போன் பழுதுபார்க்கக் குடுக்கேக்க கடைக்காரப் பெடியன்ர கையில இருக்கும். எக்ஸ்போர்ட், இம்போர்ட், உடன ஷிப்ற் டிலீற், இந்த மூண்டும் ஒரே இருப்பில நடக்கவேணும், தேத்தண்ணிக்கு எழும்பப்படாது.

எக்ஸெலில திறந்து பாக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு. சும்மா பாத்துப்போட்டு மூடேக்க சேவ் பண்ணவோ எண்டு கேக்கும், ஓம் எண்டு குடுத்தீங்களெண்டா 077 எண்டு தொடங்கிற நம்பரெல்லாம் முன் பூச்சியம் போய் 77 ஆகிடும், எக்ஸெல் அதைக் கணக்கு நம்பர் எண்டுதான் எடுக்கும். எங்கட சனம் யூசர்நேமுக்கு போன் நம்பரைத்தானே குடுக்கிறது. பிறகு புதுப் பிறவுசரில பாஸ்வேட் சரியாக் கிடக்கும், லொகின் ஆகாது, ஏனெண்டு மண்டையைப் போட்டு உடைப்பீங்கள்.

பழைய பிறவுசரை உடன கழட்டுறதைப் பற்றி என்ர கதையே போதும். ஒரு மாசமாவது வைச்சிருங்கோ. வருசத்துக்கு ஒருக்காத்தான் போற வெப்சைற்றுகள் இருக்கெல்லோ, பரீட்சைத் திணைக்களம், கம்பஸ் விண்ணப்பம், இன்சூரன்ஸ், உதுகள் ஒரு கிழமைக்குள்ள ஞாபகத்துக்கு வராது. ரெண்டு பிறவுசரும் ஒரே கொம்பியூட்டரில சண்டை பிடிக்காம இருக்கும், இடம்தான் கொஞ்சம் எடுக்கும்.

அதைவிட மோசமான பிழை சிங்க் ஓன்ல இருக்கேக்க பழசைத் துப்புரவாக்கிறது. சிங்க் எண்டா பக்கப் எண்டு கனபேர் நினைக்கினம். இல்லை. சிங்க் எண்டா எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி வைச்சிருக்கிறது, அப்ப லப்டொப்பில பாஸ்வேட்டை அழிச்சா போனிலயும் அழியும். துப்புரவாக்கத்தான் வேணுமெண்டா முதல் சிங்க்கில இருந்து வெளியில வந்து, பிறகு அந்தக் கொம்பியூட்டரில மட்டும் அழியுங்கோ. மற்றப்பக்கத்தால பாத்தா, குறோமில கூகிள் அக்கவுண்டோட பாஸ்வேட் சேவ் பண்ணியிருந்த ஆக்களுக்கு ஒரு ஆறுதல் இருக்கு, பாஸ்வேட்ஸ் டொட் கூகிள் டொட் கொம் எண்டு எந்தப் பிறவுசரில அடிச்சும் பாக்கலாம். மாமியின்ரது கொம்பியூட்டரில மட்டும் கிடந்தது. உங்கட எது எண்டு முதலே பாருங்கோ.

பயர்பொக்ஸில புதுசா அக்கவுண்ட் துறக்கிற ஆக்கள் அதின்ர பாஸ்வேட்டை லேசா நினைக்காதேங்கோ. பயர்பொக்ஸைச் செய்யிற மொசில்லாக்காரர் சிங்க் பண்ணுற சாமானை உங்கட பாஸ்வேட்டை வைச்சுத்தான் பூட்டினம், அவையாலயே திறந்து வாசிக்கேலாது. அதால நீங்கள் மறந்து ரீசெற் பண்ணினா சேர்வரில இருக்கிறது போகக்கூடும், ரிக்கவரி கீ எடுத்து வைச்சிருந்தாத் தப்பலாம்.

தமிழில ரைப் பண்ணுற ஆக்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை. கனபேர் குறோமில கூகிள் இன்புற் ரூல்ஸ் எக்ஸ்ரென்சனைப் போட்டு அம்மா எண்டு இங்கிலீசு எழுத்தில அடிச்சு தமிழ் எடுக்கினம், பிறவுசர் மாறினா அது கூட வராது, உடன பயர்பொக்ஸில தமிழ் அடிக்கேலாது எண்டு திரும்பிப் போடினம். அது பயர்பொக்ஸின்ர குறை இல்லை, கீபோட்டைப் பிறவுசருக்குள்ள வைச்சதுதான் பிழை. விண்டோஸிலயே தமிழ் பொனெற்றிக் கீபோட் 2019 இல இருந்து இருக்கு, லாங்குவேஜ் செற்றிங்ஸில தமிழைச் சேர்த்து, அதில பொனெற்றிக் கீபோட்டைத் தெரிஞ்சாச் சரி. பாமினி எண்ட பழைய எழுத்துருவின்ர கீபோட் முறையில கை பழகின ஆக்களுக்கு என்எச்எம் றைட்டர் இருக்கு, அது பாமினி மாதிரி அடிக்க யூனிகோட் எழுத்தாத் தரும். ரெண்டும் எந்தப் பிறவுசரிலயும், வேர்டிலயும் ஓடும். கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) கடிதம் அடிக்கிற ஒரு அக்கா இதுக்காகவே நாலு வருசம் ஒரே பிறவுசரில இருந்தவ, பத்து நிமிசத்தில தீர்ந்தது.

எக்ஸ்ரென்சனுகளை பழையபடி எல்லாத்தையும் தேடிப் போடாதேங்கோ. "எல்லா வெப்சைற்றிலயும் உங்கட தரவை வாசிக்கவும் மாத்தவும்" எண்டு அனுமதி கேக்கிறது பாங்குப் பக்கத்தையும் சேர்த்துத்தான். விளம்பரம் மறிக்க ஒண்டு, வேணுமெண்டா பாஸ்வேட் மனேஜர் ஒண்டு, காணும். நோட்டிபிகேசனும் அப்பிடித்தான், புதுப் பிறவுசர் எண்டா ஒவ்வொரு பக்கமும் திரும்ப "அலவ்" கேக்கும், மாமி முதல் நாளே மூண்டுக்கு ஓம் எண்டு குடுத்திட்டா, பிறகு உங்கட கொம்பியூட்டரில வைரஸ் எண்டு மூலையில வந்துகொண்டே நிண்டது. செற்றிங்ஸில போய் புதுசாக் கேக்கிறதையே நிப்பாட்டி விட்டன்.

எதுக்கு மாறுறம் எண்டதையும் ஒருக்கா யோசியுங்கோ. எட்ஜ், பிறேவ், ஒபேரா, விவால்டி எல்லாம் குறோமுக்கும் அடித்தளமா இருக்கிற குறோமியத்தில கட்டினது, எட்ஜ் 2020 ஜனவரியில இருந்து அப்பிடி. ஒரு வெப்சைற் குறோமில வேலை செய்யேல்லை எண்டு எட்ஜுக்கு மாறினா அனேகமா அங்கயும் செய்யாது. ஐபோனில இஞ்ச எந்தப் பிறவுசரைப் போட்டாலும் உள்ள ஓடுறது சபாரியின்ர வெப்கிற் எண்ட எஞ்சின்தான். அதுக்காக மாறவேண்டாம் எண்டில்லை, விளம்பரம் மறிக்கிறது, சிங்க் உதுகளில வித்தியாசம் இருக்கு.

டவுன்லோட் பண்ணேக்க கூகிளில தேடி மேல வாற விளம்பர லிங்கை அமத்தாதேங்கோ, அட்ரசை நீங்களே அடியுங்கோ. போட்டாப்பிறகு டிபோல்ட் மாத்த மறக்காதேங்கோ, இல்லாட்டி ஈமெயிலில வாற லிங்கெல்லாம் பழசிலதான் திறக்கும், பீடிஎப் எட்ஜில திறந்தா அதைத் தனிய மாத்தவேணும். உந்த வேலையளை கொமினிகேசனில (காசு குடுத்து கொம்பியூட்டர் பாவிக்கிற கடை) இருந்து செய்யவேண்டாம், வீட்டில கொம்பியூட்டர் இல்லாட்டி தெரிஞ்ச ஆக்களின்ர வீட்டில, தனி புறொபைல் துறந்து செய்யுங்கோ.

நாலாம் நாள் பின்னேரம் மாமிக்கு ஒரு சீஆர் கொப்பி வாங்கிக்கொண்டு போனன். பக்கப் கோட், பயர்பொக்ஸ் ரிக்கவரி கீ, எந்த அக்கவுண்டுக்கு எந்த நம்பர் எண்டது, எல்லாத்தையும் அவவின்ர கையாலயே எழுதினா. பாஸ்வேட்டைக் கடுதாசியில எழுதப்படாது எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம், கந்தோர் மேசையில ஒட்டி வைக்கிறதுக்கு அது சரி, வீட்டு அலுமாரிக்கு வட்ஸ்அப்பை விட கொப்பி திறம் எண்டு நான் நினைக்கிறன். எழுதி முடிய கொப்பியை ஒரு பொலித்தீன் பையில சுத்தி, காணி உறுதிக்கும் எழுத்துப் பத்திரத்துக்கும் நடுவில வைச்சா.