பழைய தேக்கை அறுக்கப் போகிறீர்களா? முதலில் பிளேடைப் பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் ஒரு பழைய கதவு நிலையையோ உத்தரத் துண்டையோ பேரம் பேசி வாங்கி, வீட்டுக்கு ஒரு பெஞ்ச் செய்துவிடலாம் என்று இறங்குகிறவர்கள் உடனே விசாரிப்பது வட்ட பிளேடு சுற்றும் அறுப்பு மெஷினைத்தான். எத்தனை வாட், எந்தக் கம்பெனி, வாரண்டி உண்டா. என்னைக் கேட்டால் மெஷின் சுமாராக இருந்தாலும் போதும், மிச்சக் காசைப் பிளேடிலும் உளியிலும் போடுங்கள். நம் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் கிடைப்பது பெரும்பாலும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு. இழைப்பதற்கு இதமான மரம்தான், ஆனால் உள்ளே சிலிக்கா இருக்கிறது, மணலில் இருக்கிற அதே சரக்கு. அதனால் மற்ற மரத்தில் நாள் முழுக்க ஓடும் பல், தேக்கில் சீக்கிரம் மழுங்கிவிடும்.

அறுப்பதற்கு முன்னால் ஆணி. பழைய மரத்தில் ஆணி இல்லாத துண்டு கிடைப்பது அபூர்வம். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று இருந்தால் போதும், மரத்தின் நாலு பக்கமும் மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள், எங்கே பிடித்து இழுக்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். தலை ஒடிந்து உள்ளே புதைந்த ஆணியைக் கண்ணாலேயும் பிடிக்கலாம்: துருவும் மரமும் சேர்ந்து அதைச் சுற்றிக் கருநீலத்தில் ஒரு கறை இருக்கும், நார்ப்போக்கில் கொஞ்சம் நீண்டிருக்கும். கீல் இருந்த இடம், தாழ்ப்பாள் இருந்த இடம் இரண்டையும் இரண்டு தடவை பாருங்கள். அப்புறம் உத்தரத்தின் முனை. சுவருக்குள் இருந்த பகுதியில் சுண்ணாம்புச் சாந்து ஒட்டிக்கொண்டிருக்கும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து எடுக்காமல் ரம்பத்தை வைத்தால் ஆணியே இல்லாமல் பல் போய்விடும். ஆணியைத் தோண்டி எடுக்கத் தனியாக ஒரு பழைய உளி வைத்துக்கொள்ளுங்கள், நல்ல உளியை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

கை ரம்பம் வாங்கும்போது கடையில் கேட்க வேண்டியது நீளம் இல்லை, அங்குலத்துக்கு எத்தனை பல் என்பது. நாரோடு நெடுக்காகப் பிளக்க 5 முதல் 7 பல், நாருக்குக் குறுக்கே அறுக்க 8 முதல் 12, இணைப்புகளுக்கு முதுகில் பட்டை வைத்த சின்ன ரம்பம் 12க்கு மேல். எண்ணிக்கை மட்டுமில்லை, பல்லின் வடிவமும் வேறு. நெடுக்கு ரம்பத்தின் பல் வரிசையாக நிற்கும் சின்ன உளிகள் மாதிரி நேராக ராவப்பட்டிருக்கும், குறுக்கு ரம்பத்தின் பல் சாய்வாக ராவப்பட்டுக் கூர்முனையோடு இருக்கும், அது நாரை இரண்டு பக்கமும் கீறிவிட்டுத்தான் வெட்டும். ஒன்றை வைத்து மற்ற வேலையைச் செய்தால் முடியாது என்றில்லை, தோள் கழன்றுவிடும். பல் முனை மட்டும் கருநீலமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் முனையை மட்டும் சூடேற்றிக் கடினமாக்கியது, ரொம்ப நாள் கூர்மையாக இருக்கும், ஆனால் மழுங்கினால் முக்கோண அரம் அதில் வழுக்கிக்கொண்டு போகும், தூக்கிப் போட வேண்டியதுதான். ராவி ராவிப் பல வருஷம் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் சாதாரணப் பல்லே நல்லது.

இனி மெஷின் பிளேடு. மரத்துக்கு டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த பிளேடுதான், தேக்குக்கு வேறு எதுவும் தாக்குப்பிடிக்காது. 7 அங்குல மெஷினில் நெடுக்கு அறுக்க 24 பல், பொதுவான வேலைக்கு 40, பிளைவுட் ஓரம் சிராய் கிளம்பாமல் வர 60. பல் கூடக் கூட ஓரம் சுத்தமாக வரும், ஆனால் தூள் வெளியேற இடம் குறையும். அதனால்தான் 60 பல் பிளேடில் கனமான தேக்கை நெடுக்காக அறுத்தால் புகை வந்து ஓரம் கருகுகிறது. ஆட்கள் உடனே மெஷினுக்குப் பவர் இல்லை என்று திட்டுவார்கள், மெஷின் பாவம்.

பிளேடின் மேல் அச்சடித்திருக்கும் உச்ச வேகம் மெஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், நடு ஓட்டை மெஷின் அச்சுக்குச் சரியாக உட்கார வேண்டும். முக்கியமாக, இரும்பும் கல்லும் வெட்டும் ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு மாட்டவே மாட்டாதீர்கள். பாதி ஊர் மாட்டுகிறது, தெரியும். கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும், பல் நாரில் மாட்டினால் மெஷின் கையை விட்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆத்தங்குடித் தரைக்கல் வெட்டுவதற்கு இருக்கும் வைர பிளேடையும் மரத்துக்குப் போடாதீர்கள், அது வெட்டாது, தேய்த்து எரிக்கும்.

அறுக்கும்போது பிளேடு பலகைக்குக் கீழே ஒரு பல் உயரம் எட்டிப்பார்த்தால் போதும். கையில் பிடித்து ஓட்டும் மெஷினில் பல் கீழிருந்து மேலே வெட்டிக்கொண்டு வரும், எனவே சிராய் மேல் பக்கம்தான் கிளம்பும், பலகையின் நல்ல முகத்தைக் கீழே போடுங்கள். டேபிள் ரம்பத்தில் நேர்மாறு, நல்ல முகம் மேலே. கையுறை வேண்டாம், தோளில் துண்டும் வேண்டாம், சுற்றுகிற பிளேடு இரண்டையும் இழுத்துக்கொள்ளும். கண்ணாடி கட்டாயம்.

உளி நாலு போதும்: கால், அரை, முக்கால், ஒரு அங்குலம். பெரிய செட்டாக வாங்கினால் பாதி பெட்டியிலேயே கிடக்கும். புது உளியின் பின்பக்கத்தை முதலில் கல்லில் தேய்த்து, முனைக்கு அருகே ஒரு அங்குலமாவது மட்டமாகப் பளபளக்கும் வரை கொண்டுவாருங்கள், இதைச் செய்யாமல் முன்பக்கத்தை எவ்வளவு தீட்டினாலும் கூர் வராது. முன்பக்கம் 25 டிகிரி, கடைசி முனை மட்டும் 30. தீட்டி முடித்ததும் மரத்தின் வெட்டு முகத்தில், அதாவது நார் முனைகள் தெரியும் பக்கத்தில், கையாலேயே அழுத்திச் சீவிப் பாருங்கள். சீவல் உதிராமல் சுருளாக வந்தால் சரி, பொடியாக வந்தால் திரும்பக் கல்லுக்கு. உளியை அடிக்கக் கொட்டாப்புளிதான், அதாவது மரச் சுத்தியல், இரும்புச் சுத்தியல் பிடியைப் பிளந்துவிடும்.

தூளை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும், மரத்தூளை சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது. வாயில் கட்டும் கைக்குட்டை போதாது, மூக்கோடு ஒட்டி உட்காரும் மாஸ்க் வேண்டும். பழைய கதவில் பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் ஈரமாக்கிச் சுரண்டி எடுங்கள்.

நன்றாக ஓடிய பிளேடு திடீரென்று கருக ஆரம்பித்தால் உடனே புதுசு வாங்கக் கிளம்ப வேண்டாம். தேக்கின் எண்ணெயும் பிசினும் பல்லோரத்தில் பழுப்பாகப் படிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிளேடைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்துத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் மெஷின் ஆயில் ஒரு சொட்டு தடவுங்கள். அதற்கப்புறமும் கருகினால்தான் பல் மழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். கார்பைடு முனையை அரத்தால் ராவ முடியாது, வைரச் சக்கரம் வைத்திருக்கும் சாணைக் கடையில் கொடுங்கள், கொடுக்கும்போது முனை உடைந்த பல் ஏதாவது இருந்தால் மார்க்கரால் குறித்துக் கொடுங்கள்.