விளக்கீட்டுச் சுடருக்கு ஒளிவட்டம்: ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் முதற்பாடம்

கார்த்திகை விளக்கீட்டன்று எங்கள் படலையடியில் வாழைக்குற்றி நட்டு ஏற்றிய விளக்கைக் கைபேசியில் படம்பிடித்திருந்தேன். வீடியோவுக்கு எஃபெக்ட்டுகள் (காட்சி விளைவுகள்) சேர்க்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் அந்தக் காட்சியை வாழ்த்துத் தலைப்பின் பின்னணியாக மாற்றுவோம். எஃபெக்ட்டுகளைக் கைக்கு வந்தபடி அடுக்கினால் நல்ல காட்சியும் கெட்டுவிடும். யாழ்ப்பாணத்தில் என்னிடம் கேட்டுப் பழகும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வதே அடுக்கும் வரிசையைத்தான்.

வீடியோவை டைம்லைனில் போட்டு, லேயர் மெனுவில் நியூ, அட்ஜஸ்ட்மென்ட் லேயர் என்று தெரிவுசெய்யுங்கள். இதில் இடும் எஃபெக்ட், கீழே உள்ள எல்லா லேயர்களிலும் (அடுக்குகளிலும்) விழும். மூல வீடியோ அப்படியே இருக்கும்.

அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் முதலில் ஒளிவட்டம் தரும் க்ளோ, அதன் கீழ் படத்தை மங்கலாக்கும் காஸியன் ப்ளர் சேருங்கள். ப்ளரினஸ் 40 வையுங்கள். ரிப்பீட் எட்ஜ் பிக்சல்ஸ் தெரிவாகியிருக்கட்டும், இல்லாவிட்டால் ஓரங்கள் கெட்டுப்போகும்.

இப்போது எஃபெக்ட் கன்ட்ரோல்ஸ் பலகத்தில் ப்ளரை இழுத்து க்ளோவுக்கு மேலே விடுங்கள். சுடரைச் சுற்றியிருந்த ஒளிவட்டம் மங்கிவிடும், சில காட்சிகளில் மறைந்தே போகும். எஃபெக்ட்டுகள் மேலிருந்து கீழாகக் கணிக்கப்படுகின்றன. க்ளோவின் த்ரெஷோல்ட் (பிரகாச எல்லை) வழமையாக 60 சதவீதம். அதைவிடப் பிரகாசமான இடங்களைத்தான் அது பிடிக்கும். சுடரோ சிறியது. ப்ளர் முந்திக்கொண்டால் சுடரின் வெளிச்சம் சுற்றியுள்ள இருட்டில் கரைந்து அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. பிறகு க்ளோவுக்குப் பிடிக்க எதுவும் மிஞ்சாது. பழையபடி க்ளோவை மேலே கொண்டுவாருங்கள். இதை நீங்களே இரண்டு மூன்று தடவை மாற்றிப் பார்க்க வேண்டும். வாசித்தால் மட்டும் மனதில் நிற்காது.

கடைசியாக, நிறச்சாயல் ஏற்றும் டின்ட். மேப் வைட் டூ என்பதில் இளமஞ்சள், மேப் பிளாக் டூ என்பதில் கரும்பழுப்பு. அமவுன்ட் டூ டின்ட்டை 25க்கு மேல் ஏற்றாதீர்கள், வாழையிலையின் பச்சை செத்துவிடும்.

இருண்ட வானத்தில் வரிவரியாகப் பட்டைகள் தெரிகின்றனவா? 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு. புரொஜெக்ட் பலகத்தின் அடியில் உள்ள 8 பிபிசி (ஒரு நிறத்துக்கு எத்தனை பிட் என்பது) என்பதை ஆல்ட் விசையுடன் அழுத்தி 16 ஆக்குங்கள்.

தலைப்பு எழுத்தை அட்ஜஸ்ட்மென்ட் லேயருக்கு மேலே வையுங்கள்; அது கூர்மையாகவே நிற்கும். க்ளோ இன்டென்சிட்டியின் (ஒளியின் வலுவின்) பக்கத்தில் உள்ள ஸ்டாப்வாட்ச் குறியை அழுத்தி, தொடக்கத்தில் 0, இரண்டாவது நொடியில் 1 எனக் கொடுத்தால், விளக்கு மெல்ல ஒளிர்ந்து வரும்.