பாக்கு போடும் வாயை மாதம் ஒருமுறை பார்ப்பது எப்படி?

சேலம் மாவட்டத்து வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் பாக்குத் தோப்பு வைத்திருப்பவரிடம் போய்ப் பாக்கு ஆகாது என்று சொன்னால் கோபம்தான் வரும். புகையிலை சேர்த்தால்தானே கெடுதல் என்பார். ஆனால் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. வெற்றிலை பாக்கு, சீவல், பொட்டலப் புகையிலை, பீடி, சாராயம் என்று எந்தப் பழக்கம் இருந்தாலும் மாதம் ஒருமுறை வாயைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் அது கண்ணில் படும். கன்னத்தைக் கடித்துக்கொண்டால் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. வெள்ளை அணுக்கள் அங்கே கூடுகின்றன. இதுதான் அழற்சி. அவை அனுப்பும் சேதியைக் கேட்டு, புண்ணின் ஓரத்துச் செல்கள் பக்கத்துச் செல்லின் பிடியை விட்டு, ஊர்ந்து போய்ப் பள்ளத்தை மூடுகின்றன. மூடியதும் பழைய உருவத்துக்கே திரும்பி அடுக்காக உட்கார்ந்துகொள்கின்றன. செல் இப்படி வேடம் மாற்றாவிட்டால் எந்தப் புண்ணும் ஆறாது.

தறி ஓட்டுபவர் ஷிப்ட் முழுக்க ஒரே கன்னத்தில் பாக்கை அதக்கி வைத்தால் இந்த வேலை முடிவதே இல்லை. பாக்கில் உள்ள அரிகோலின் திசுவில் நாரை அதிகமாக உருவாக்க வைக்கிறது; பாக்கில் இருக்கும் தாமிரம் அந்த நாரை இறுக்கிப் பிணைக்கும் நொதியைத் தூண்டுகிறது. கன்னம் பட்டை போல விறைப்பது இதனால்தான். சுண்ணாம்பின் காரம் தன் பங்குக்குச் செல்லின் மரபுப் பொருளைச் சேதப்படுத்தும் வேதிப்பொருட்கள் உருவாக வழி செய்கிறது. 'ஊர்ந்து போ' என்ற சேதியைத் தரும் டிஜிஎஃப்-பீட்டா நிற்காமல் சுரக்க, செல்களை ஒட்டவைக்கும் ஈ-கேதரின் குறைகிறது. பாவு நூல் ஒவ்வொன்றாகக் கழன்ற துணி மாதிரி அடுக்கு தளர்கிறது. ஏற்கெனவே மரபுக் கோளாறு சேர்ந்த செல் இந்த வேடத்தைப் போட்டால், அடித்தளத்தைத் துளைத்துக்கொண்டு கழுத்து நெறிக்குப் போய்விடும். அங்கே பழைய வேடத்துக்குத் திரும்பிக் கட்டியாகப் பெருகும். கட்டி என்பது ஆறாத புண் என்று அமெரிக்க நோய்க்கூறு மருத்துவர் ஹரோல்ட் டுவோராக் 1986-ல் எழுதியது இந்தக் கதையைத்தான்.

இனி பார்க்கும் முறை. பகல் வெளிச்சம், ஒரு கண்ணாடி, செல்போன் டார்ச், சுத்தமான பஞ்சுத் துணி, இவை போதும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சிவப்புத் திட்டு சரியாகத் தெரியாது. பல் செட் இருந்தால் கழற்றுங்கள். வெற்றிலைக் கறை போக நன்றாகக் கொப்பளித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

முதலில் வாயை முழுதாகத் திறந்து, ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே வையுங்கள். மூன்றும் நுழைய வேண்டும். போன மாதம் நுழைந்தது இந்த மாதம் இரண்டோடு நின்றால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சாம்பார் காரம் முன்னைவிட எரிகிறது என்பதும் நார் இறுகுவதன் ஆரம்ப அடையாளம்.

அடுத்து, அதக்கும் பக்கம். நம் நாட்டில் வாய்ப் புற்று அதிகம் வரும் இடம் கன்னமும் கீழ் ஈறும் சேரும் பள்ளம்தான். பலரும் பல்லைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். விரலால் கன்னத்தை வெளியே இழுத்துப் பிடித்து, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் வரை டார்ச் அடியுங்கள். வெள்ளைத் திட்டு இருந்தால் துணியால் துடையுங்கள். துடைத்தால் வருவது பெரும்பாலும் பூஞ்சை. துடைத்தும் வராத வெள்ளைத் திட்டைக் காட்டியே ஆக வேண்டும். வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு அதைவிட ஆபத்து. திட்டை விரலால் தடவிப் பாருங்கள்: ஓரம் தடித்து, அடி கெட்டியாக இருந்தால் நாள் கடத்தாதீர்கள்.

நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரங்களையும் பாருங்கள். பிறகு நாக்கின் அடி, அண்ணம், உதடு. கடைசியாகத் தாடைக்கு அடியிலும் கழுத்தின் இரு பக்கமும் அமுக்கிப் பார்த்து, வலிக்காத, கெட்டியான நெறி கட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

எதைக் கண்டாலும் போட்டோ எடுத்துத் தேதி குறியுங்கள். சாதாரணப் புண் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். கூரான பல் குத்தியதால் வந்த புண் என்றால், பல்லை ராவிவிட்டு அதே இரண்டு வாரம் பாருங்கள். ஆறாவிட்டால் காரணம் எதுவானாலும் காட்டுங்கள்.

இங்கேதான் தப்பு நடக்கிறது. வலி இல்லையே என்று விட்டுவிடுவார்கள். ஆரம்பப் புற்று பெரும்பாலும் வலிக்காது. மெடிக்கலில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும் புண் ஜெல்லும் வாங்கி இரண்டு மாதம் ஓட்டுவார்கள். ஜெல் எரிச்சலைக் குறைக்கும். துளைத்துப் போகும் செல்லை அது நிறுத்தாது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டுமே என்று சந்தைநாள் வரை தள்ளிப்போடுவதும் உண்டு. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டியவர்கள் வாய்ப் பரிசோதனை கேட்கலாம். கண்ணால் பார்ப்பதை மட்டமாக நினைக்காதீர்கள். திருவனந்தபுரத்தில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுச் சாவு இதனாலேயே மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

சதைப் பரிசோதனை செய்தால் புற்று பரவும் என்ற பயம் வேண்டாம். மரத்துப்போகும் ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் சதைதான் எடுப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

'புற்று இல்லை' என்று ரிப்போர்ட் வந்தால் முழுதும் படித்துக் கேளுங்கள். செல் மாற்றம் என்று எழுதியிருந்தால் மருத்துவர் சொல்லும் தேதியில் திரும்பப் போக வேண்டும். பழக்கத்தை விட்டால் சில வெள்ளைத் திட்டுகள் மறையும். இறுகிய நார் பழையபடி இளகாது. விட உதவி வேண்டுமானால் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிடலாம்.