தூரத்தை மட்டும் பார்த்து விமானப் பயணம் திட்டமிடாதீர்கள்: டெல்டாவில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீட்டர். திருச்சிக்கும் புதுச்சேரிக்கும் ஏறத்தாழ 180. தூரம் காட்டும் இணையதளங்கள் இரண்டுக்குமே பயண நேரத்தையும் சேர்த்துச் சொல்லும். ஆனால் முதல் வழியில் 2025 மார்ச்சில் இண்டிகோ சேவை தொடங்கியது. இரண்டாவது வழியில் நேரடி விமானமே கிடையாது.

அந்த இணையதளங்கள் சொல்லும் பயண நேரத்தை நம்புவதுதான் முதல் தவறு. வரைபடத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்துத் தருகிறார்கள், அவ்வளவுதான். தஞ்சாவூர் என்று தட்டினாலும் விடை வரும். அங்கே இருப்பதோ 2020 முதல் சுகோய் விமானங்கள் நிற்கும் விமானப்படைத் தளம். ஆகவே விமான நிறுவனத்தின் அட்டவணையை முதலில் பாருங்கள். எந்தெந்தக் கிழமைகளில் என்பதையும் பாருங்கள். சில தளங்கள் பலாலி தூரத்தை 100 என்று காட்டும். அது கடல் மைல், ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர்.

அடுத்தது வேகம். பல தளங்கள் மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் ஜெட்டை வைத்துக் கணக்குப் போடுகின்றன. திருச்சி-யாழ்ப்பாணம் வழியில் போவது சுமார் 500 கிலோமீட்டர் வேகமுள்ள ஏடிஆர் என்ற சிறிய சுழலி விமானம். அதற்கும் 185 கிலோமீட்டர் இருபத்திரண்டு நிமிடம்தானே என்று தோன்றும். டிக்கெட்டில் ஒரு மணி நேரம் போல இருக்கும், அதுவே சரி. நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது முதல் இறங்கி நிற்பது வரை அதில் அடங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடைக்காது. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. ஆடி மாதத்து மேற்குக் காற்றை எதிர்த்து விமானம் மேற்கு நோக்கி எழும்பி, திரும்பித்தான் யாழ்ப்பாணத்துக்கு முகம் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வீட்டிலிருந்து வீடு வரை கணக்குப் போடாமல் விடுவது. கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 95 கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டரை மணி நேரமாவது வையுங்கள். தூரம் குறைவு என்பதால் உள்நாட்டுப் பயணம் போல ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்காதீர்கள். இது வெளிநாட்டுப் பயணம். கடவுச்சீட்டு, இலங்கை நுழைவு அனுமதி, குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம் உண்டு. மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். பலாலியில் இறங்கியபின் யாழ்ப்பாண நகரத்துக்கு இன்னும் சுமார் 17 கிலோமீட்டர். கூட்டிப் பார்த்தால் ஒரு பகல் முழுதும் போய்விடும். முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகிறவர்கள் சாப்பாட்டையும் மருந்தையும் இந்தக் கணக்கின்படியே எடுத்து வையுங்கள். இரு நாட்டுக்கும் கடிகார நேரம் ஒன்றுதான், அதில் குழப்பமில்லை.

தஞ்சாவூர் வழியாகப் பஸ்ஸில் வருகிறவர்கள் திருச்சி பஸ் நிலையம் வரை போய்த் திரும்ப வேண்டாம். டி.வி.எஸ். டோல்கேட்டில் இறங்குங்கள், விமான நிலையத்துக்கான புதுக்கோட்டை சாலை அங்கிருந்துதான் பிரிகிறது.