செராமிக் பூச்சும் அதிர்வுத் தணிப்பும்: நாம் விடுகிற தவறுகள்

தோட்டக் கிணற்றடியில் பம்பு நடுங்கினால் அதன் அச்சுக்குச் செராமிக் பூச்சு அடித்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்துப் பட்டறைகளில் உண்டு. வேண்டாம். நிமிடத்துக்குச் சுமார் 2900 சுற்று ஓடும் பம்பின் சமனின்மை அதைச் செக்கனுக்கு 48 தடவை உலுக்குகிறது. கட்டையான அச்சின் இயற்கை மீடிறன் (தட்டிவிட்டால் அது தானாகச் செக்கனுக்கு எத்தனை தடவை அதிரும் என்பது) பொதுவாக அதைவிட மிகவும் கூட. இந்த இரண்டும் ஒத்துப்போய் அதிர்வு பெருகுவதுதான் பரிவு. பரிவு இல்லாத இடத்தில் தணிப்பை, அதாவது அதிர்வுச் சக்தியை விழுங்கும் தன்மையை, கூட்டி ஒரு பயனும் இல்லை. கப்ளிங் நேராக இருக்கிறதா, அத்திவாரத்து போல்ட் இறுகியிருக்கிறதா என்பதைத்தான் அங்கே பார்க்க வேண்டும். கார்களுக்குப் பூசும் திரவ ‘செராமிக் கோட்டிங்’ இன்னொரு பொருள். அதற்கும் இந்தப் பேச்சுக்கும் தொடர்பில்லை.

இந்தப் பூச்சு உண்மையில் தேவைப்படுவது வாயுச் சுழலிகளின் அலகுகளில் (பிளேடுகளில்). டைட்டேனியம் போன்ற உலோகங்களுக்குத் தன்னியல்பான தணிப்பு மிகக் குறைவு. ரப்பர் வகைத் தணிப்பிகள் அந்த வெப்பத்தில் நிற்காது. அதனால் அலுமினா, மக்னீசியம் அலுமினேற்று, இட்ரியா கலந்த சிர்க்கோனியா ஆகியவற்றைப் பிளாஸ்மாச் சுடரில் உருக்கித் தெளிக்கிறார்கள். துளிகள் உலோகத்தில் மோதித் தட்டையாகி, செதில் மேல் செதிலாக உறைகின்றன.

பலர் இடறுவது இங்கேதான். செராமிக் கடினமானது, ஆகவே அடர்த்தியாகவும் குறையில்லாமலும் இருந்தால் அதிர்வை நன்றாக அடக்கும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. சந்தையில் சட்டி வாங்கும்போது தட்டிப் பாருங்கள்: நல்ல சட்டி கணீரென்று ஒலிக்கும், வெடித்த சட்டி சத்தத்தை உள்ளேயே விழுங்கிவிடும். பூச்சிலும் செதில்களின் விளிம்புகளும் நுண்வெடிப்புகளும் ஒன்றோடொன்று உரசித்தான் அதிர்வுச் சக்தியை வெப்பமாக்குகின்றன. மிகுந்த வெப்பத்தில் நெடுநேரம் இருந்து அந்த விளிம்புகள் ஒட்டிக்கொண்டால் பூச்சு உறுதியாகும், தணிப்போ குறைந்துபோகும். வெண்மையாக வழவழவென்று வந்த பூச்சைக் கண்டு மகிழ்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

உரசலால் வரும் தணிப்பு என்பதால், அதை ஒற்றை எண்ணாகச் சொல்ல முடியாது. என் பார்வையில் மிகப் பெரிய தவறு இதுதான். பூச்சிட்ட சோதனைத் தகட்டைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி, ஓர் இழப்புக் காரணியை (தணிப்பைச் சொல்லும் எண்ணை) கணித்து, அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். மெல்லத் தட்டும்போது விகாரம், அதாவது பொருள் தன் நீளத்தில் எத்தனை பங்கு இழுபடுகிறது என்பது, மிகச் சிறியது. செதில்கள் அசையவே தொடங்கியிருக்காது. விகாரம் கூடக் கூட உரசலும் தணிப்பும் கூடும், பிறகு ஒரு மட்டத்தில் நின்றுவிடும். கூடவே பூச்சின் யங்கின் மட்டு (விறைப்பின் அளவு) குறைவதால், வீச்சம் பெருகும்போது பரிவு மீடிறனும் சற்றுக் கீழே இறங்கும். அப்போது பரிவு வளையி (மீடிறனுக்கு எதிரே வீச்சத்தை வரைந்த கோடு) இடப்பக்கம் சாயும். சமச்சீரான வளையிக்கென்றே அமைந்த அரைவலு அகல முறையை (வளையியின் உச்சி எவ்வளவு அகலம் என்று பார்த்துத் தணிப்பைக் கணிப்பதை) அதில் போட்டால் பிழையான விடைதான் வரும். அதிர்வு தானாக அடங்குவதைப் பதிவுசெய்து, சில அலைவுகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மடக்கைக் குறைவை (அடுத்தடுத்த இரு வீச்சங்களின் விகிதத்தின் இயற்கை மடக்கையை) கணியுங்கள். விடை ஒரு வளையியாக வரட்டும். விகாரம் குறிக்காத தணிப்பு எண்ணை நம்பாதீர்கள்.

அளக்கும்போது பிடிப்பையும் கவனிக்க வேண்டும். வைஸ் இடுக்கியில் இறுக்கிய தகட்டில் இடுக்கி வாயில் நடக்கும் உரசல், பூச்சினுடையதைவிடக் கூடவாகவே இருக்கக்கூடும். முடிந்தால் இரு முனைகளிலிருந்தும் நீளத்தின் 0.224 பங்கு தள்ளி, நைலோன் நூலில் தொங்கவிடுங்கள். முதல் வளைவு முறையில், அதாவது தகடு மிகக் குறைந்த மீடிறனில் வளைந்து அதிரும் விதத்தில், அந்த இரு கோடுகளும் அசைவதில்லை. அதே தகட்டைப் பூச்சுக்கு முன்னும் அளந்திருக்க வேண்டும். மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் மணல் வீச்சுக்குப் பிறகு ஒரு தடவை, செராமிக் பற்றிக்கொள்ள முதலில் தெளிக்கும் உலோக ஒட்டுப் பூச்சுக்குப் பிறகு இன்னொரு தடவை அளந்தால் இன்னும் நல்லது. ஒட்டுப் பூச்சும் தெளித்ததே, அதற்கும் சொந்தத் தணிப்பு உண்டு.

ஒரு முனை பிடித்த அலகில் முதல் வளைவு முறைக்கு விகாரம் உச்சமாவது அடியில். நுனியில் அது பூச்சியம். நுனியில் பூசினால் எடைதான் கூடும். அடியில் பூசும்போது ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் படிப்படியாக மெலியவிட வேண்டும். இல்லாவிட்டால் அங்கே தகைப்பு (பரப்பலகுக்கான உள்விசை) குவிந்து பூச்சு கழலத் தொடங்கும்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல், கடற்காற்று. குருநகரிலோ காங்கேசன்துறையிலோ திறந்த வெளியில் வைத்த உருக்குத் தகட்டின் பூச்சுத் துளைகளுக்குள் உப்பீரம் இறங்கி, அடியில் துரு பிடித்துப் பூச்சைத் தூக்கிவிடும். எண்ணெய் பூசிக் காக்கலாம் என்றால், துளைக்குள் போன எண்ணெயே தணிப்பை மாற்றிவிடும். சோதனைத் துண்டுகளை உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்து, வெறுங்கை படாமல் எடுத்து அளவிடுங்கள்.