பிள்ளை முகமும் பொருளும் அடையாளம் காணப் பழக்குவது எப்படி?

பிறந்த பிள்ளைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கையில் அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. அந்த நேரத்தில் போனைத் தள்ளிவைத்துவிட்டு, சன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். வெளிச்சம் முதுகுப்பக்கம் இருந்தால் முகம் இருட்டாகத்தான் தெரியும்.

முதல் வாரங்களில் கண், மூக்கைவிட, முடியும் நெற்றியும் சேரும் விளிம்பை வைத்தே பிள்ளை அம்மா முகத்தைக் கண்டுகொள்ளும். தலைக்குக் குளித்துத் தோர்த்து (துண்டு) சுற்றி வந்தால் ஆள் தெரியாமல் விழிப்பது அதனால்தான். பேசுங்கள், குரல் கைகொடுக்கும். 2, 3 மாதத்தில் கண்ணும் வாயும் பதியத் தொடங்கிவிடும்.

2 மாதம் ஆனதும், பசியோ தூக்கமோ இல்லாத வேளையில் மல்லாக்கப் படுக்கவைத்து, சிவப்புப் பந்து ஒன்றை 25 செ.மீ. உயரத்தில் மெதுவாக இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். கிலுகிலுப்பை வேண்டாம், சத்தத்துக்குத் திரும்புகிறதா, பார்த்துத் திரும்புகிறதா என்று தெரியாமல் போகும். வேகமாக நகர்த்தினாலும் கண் தொடராது.

8 மாதம் வாக்கில் சிரட்டை (கொட்டாங்குச்சி) விளையாட்டு. விளிம்பை நன்றாக உரசி வழுவழுப்பாக்கிய சிரட்டையால், வாய்க்குள் போகாத அளவு பெரிய பொம்மையை முதலில் பாதி மூடுங்கள். எடுக்கப் பழகியபின், பிள்ளை பார்க்கும்போதே முழுக்க மூடுங்கள். அடுத்து இரண்டு சிரட்டை. முதலாவதில் சிலமுறை எடுக்கவிட்டு, பிறகு இரண்டாவதில் ஒளித்தால், பெரும்பாலும் பழைய சிரட்டையையே தூக்கிப் பார்க்கும். அந்த வயதில் அது இயல்பு, திருத்த வேண்டாம். ஒரு வயதை ஒட்டிச் சரியாகும்.

இதே பருவத்தில்தான் புதுமுகம் கண்டு அழுகையும் வரும். குமரி மாவட்டத் தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடல் தொழிலுக்குப் போய் வாரக்கணக்கில் கழித்துத் திரும்பும் அப்பாவாக இருந்தாலும் அழும். பாசம் இல்லாமல் இல்லை. கையிலிருந்து வாங்கிவிடாமல் தரையில் உட்கார்ந்து காத்திருக்கட்டும், பிள்ளையே நெருங்கி வரும்.

தள்ளிப்போடக் கூடாதவை சில உண்டு. 3 மாதம் கழிந்தும் முகத்தைப் பார்க்காதது, 4 மாதத்துக்குப் பிறகும் மாறுகண், கருவிழி நடுவே வெள்ளை: இவற்றில் எது தென்பட்டாலும் உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். குமரி மாவட்டத்துக்காரர்கள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனைக்கும் கொண்டுபோகலாம். வெள்ளை தெரிந்தால் மறுநாள்கூடக் காத்திருக்காதீர்கள். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால், குறை எதுவும் தெரியாவிட்டாலும் 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம்.