திறமூலத் தன்னார்வலர்களுக்கான இலவச வசதிகள்: எதை, எங்கே, எப்படிக் கேட்பது

சம்பளம் வாங்காமல் கட்டற்ற மென்பொருள் எழுதுபவர்களுக்கு எடிட்டர், சோதனைக் கணினிகள், கையொப்பச் சான்றிதழ், மானியம் எனப் பலவும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவை இருப்பது தெரியாமலே பலர் கைக்காசைச் செலவழிக்கிறார்கள். விண்ணப்பித்தவர்களுக்கும் சில நேரம் மறுப்புதான் வருகிறது. நிரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உரிமக் கோப்பு சரியில்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே முதல் வேலை களஞ்சியத்தை (திட்டத்தின் நிரல் கோப்புகள் இருக்கும் இடம்) சரிசெய்வது. மேல் அடுக்கில் 'லைசென்ஸ்' என்ற பெயரில் தனிக் கோப்பு வைத்து, உரிமத்தின் முழு வாசகத்தையும் ஒரு சொல் மாற்றாமல் அதில் இடுங்கள். ரீட்மீ எனும் அறிமுகக் கோப்பில் "எம்ஐடி உரிமம்" என்று ஒரு வரி எழுதியிருப்பது போதாது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் உரிமத்தை அடையாளம் காண்பது அந்தத் தனிக் கோப்பிலிருந்துதான், விண்ணப்பத்தைப் பார்ப்பவரும் முதலில் அதைத்தான் தேடுவார். உரிமம் ஓஎஸ்ஐ (திறமூல உரிமங்களை மதிப்பிட்டு ஏற்கும் அமைப்பு) ஏற்றதாக இருக்க வேண்டும்: எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் 3 போன்றவை. "வணிகப் பயன்பாட்டுக்குத் தடை" என்ற நிபந்தனை உள்ள எதையும், கிரியேட்டிவ் காமன்ஸ் என்சி உட்பட, ஓஎஸ்ஐ வரையறை திறமூலமாக ஏற்பதில்லை. நடத்தை விதிகள் கோப்பு ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். இணையதளங்களுக்கு இடம் தரும் நெட்லிஃபை தன் திறமூலச் சலுகைக்கு அதையும், தளத்தில் தனக்கு ஓர் இணைப்பையும் கேட்கிறது.

அடுத்து, ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் நிரல் எடிட்டர்கள். திட்டம் தொடங்கி 3 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், அந்தக் காலத்தில் தொடர்ந்து கமிட்கள் (நிரல் மாற்றப் பதிவுகள்) இருக்க வேண்டும், பின்னால் நிறுவனச் சம்பளம் இருக்கக் கூடாது. பயிற்சிக்காக எழுதிய எடுத்துக்காட்டு நிரல்கள் தேறாது. கிடைக்கும் உரிமம் ஓராண்டுக்கு மட்டுமே. அதன்பின் புதுப்பிக்க வேண்டும். அந்த உரிமத்தை அலுவலக வேலைக்குப் பயன்படுத்துவது விதிமீறல்.

நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கத் தேவையான கணினி நேரத்துக்கு கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போதும் என்பதே எங்கள் கருத்து. பொதுக் களஞ்சியங்களுக்கு வழக்கமான ரன்னர்களில் (வேலைகளை ஓட்டும் கணினிகள்) நிமிட வரம்பு இல்லை. ஆனால் இலவசக் கணக்கில் ஒரே நேரத்தில் 20 வேலைகள்தான் ஓடும், அவற்றில் மேக் கணினிகளில் 5 மட்டுமே. ஒரு வேலை 6 மணி நேரத்தைத் தாண்டினால் நிறுத்தப்படும். பலருக்குப் புரியாத சிக்கல் இன்னொன்று: களஞ்சியத்தில் 60 நாள் எந்தச் செயல்பாடும் இல்லையென்றால் நேரம் குறித்து ஓடும் வேலைகள் தாமாக அணைந்துவிடும். இரவுச் சோதனை நின்றுபோனால் முதலில் இதைப் பாருங்கள். பெரிய ரன்னர்களுக்குப் பொதுக் களஞ்சியத்திலும் கட்டணம் உண்டு. சொந்தக் கணினியைப் பொதுக் களஞ்சியத்தின் ரன்னராக இணைக்க வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட் (நிரல் மாற்றக் கோரிக்கை) உங்கள் கணினியில் தன் நிரலை ஓட்டிவிட முடியும்.

பவர், ஸ்பார்க், ரிஸ்க்-ஃபைவ் போன்ற வன்பொருள்களில் சோதிக்க ஜிசிசி கம்பைல் ஃபார்ம் இருக்கிறது. பெயரில் ஜிசிசி என்ற கம்பைலர் இருந்தாலும் கட்டற்ற மென்பொருள் எழுதும் யாரும் கேட்கலாம். எந்தத் திட்டத்தில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதி, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் பொதுச் சாவியை இணைத்து விண்ணப்பியுங்கள். அங்கே வைக்கும் கோப்புகளுக்கு பேக்கப் இருப்பதாக நம்ப வேண்டாம்.

விண்டோஸ் பயனர்கள், டிஜிட்டல் கையொப்பம் இல்லாத மென்பொருளுக்கு வரும் "அறியப்படாத வெளியீட்டாளர்" எச்சரிக்கையைப் பார்த்துப் பின்வாங்குவது பெரிய இழப்பு. 2023 ஜூன் முதல் கையொப்பச் சாவிகளை வன்பொருள் சாதனத்தில்தான் வைக்க வேண்டும் என்பது விதி, அதனால் தனிநபர்களுக்குச் செலவும் சிரமமும் கூடின. சைன்பாத் ஃபவுண்டேஷன் திறமூலத் திட்டங்களுக்கு இலவசமாகக் கையொப்பமிடுகிறது. வெளியீட்டாளர் பெயராக உங்கள் பெயருக்குப் பதில் அதன் பெயரே தெரியும். அவர்கள் கையொப்பமிடும் பைனரி (தொகுத்து முடித்த கோப்பு) பொதுக் களஞ்சியத்திலிருந்து சிஐ எனும் தானியங்கித் தொகுப்பு அமைப்பின் வழியே உருவானதாக இருக்க வேண்டும். வீட்டு மடிக்கணினியில் தொகுத்ததை ஏற்கமாட்டார்கள். குழுவினர் அனைவரும் இரு காரணி உள்நுழைவை இயக்கி, கையொப்பக் கொள்கையைத் தளத்தில் வெளியிட்ட பிறகே விண்ணப்பியுங்கள்.

பணம் தேவையா? பங்கு வர்த்தக நிறுவனமான செரோதா 2024-இல் தொடங்கிய ஃபிளாஸ் ஃபண்ட் ஆண்டுக்கு மொத்தம் 10 லட்சம் டாலர் வரை ஒதுக்குகிறது. ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை. திட்ட விவரம், தேவைப்படும் தொகை, பணம் பெறும் வழி ஆகியவற்றை 'ஃபண்டிங் டாட் ஜேசான்' கோப்பில் எழுதிப் பொதுவில் வைத்து, அதன் முகவரியைச் சமர்ப்பிக்க வேண்டும். இங்கே தவறு நிகழும் இடம் ஒன்று: கோப்பு ஒரு தளத்திலும் திட்டம் வேறொரு தளத்திலும் இருந்தால், திட்டம் உங்களுடையதே என்பதற்குச் சான்றாக, திட்டத்தின் பக்கத்தில் 'வெல்-நோன்' அடைவுக்குள் அந்தக் கோப்பின் முகவரியை எழுதி வைக்க வேண்டும். உங்கள் குழு இந்தியாவில் அறக்கட்டளையாகப் பதிவாகியிருந்தால், வெளிநாட்டு நன்கொடை பெற எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி வேண்டும் என்பதால் அதைப் பற்றியும் முன்கூட்டியே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

இலவசம் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். திறமூலத் திட்டங்களுக்கு இலவசமாகச் சிஐ வசதி தந்துவந்த டிராவிஸ் சிஐ 2020-இல் விதிகளை மாற்றியபோது பல திட்டங்கள் அவசரமாக வேறிடம் தேட வேண்டியிருந்தது. சர்வர் இடம் தந்த ஃபாஸ்ஹோஸ்ட் 2022 இறுதியில் மூடப்பட்டது. தொகுக்கும் கட்டளைகளைச் சிஐ அமைப்புக் கோப்பில் நேரடியாக எழுதாமல், களஞ்சியத்திலுள்ள ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி, சிஐ அதை அழைக்கும்படி செய்யுங்கள். ஒவ்வொரு சலுகையும் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் வாங்கப்பட்டது, எப்போது காலாவதியாகிறது என்பதைக் குழுவில் குறைந்தது 2 பேர் பார்க்கும்படி ஒரு கோப்பில் குறித்து, காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் வையுங்கள்.